பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம்

பெரியப்பா தெருமுனையில் திரும்பும்போதே அவருடைய வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். பாதி கந்தகம், பாதி சிவப்புச் சோப்பு. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு ‘மருந்து’ கலக்குகிற வேலை. மருந்து என்றால் இருமலுக்குக் குடிப்பதும் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். ஒரு சின்ன உரசல் போதும், ஆளைத் தேடி எடுக்க வேண்டியதாகிவிடும். அப்படிப்பட்ட வேலையைப் பார்த்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து சாவகாசமாக மொச்சை தின்கிற அந்த மனிதர், உலகத்தில் பயந்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான். அது கேமரா.

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது பழைய நம்பிக்கைதான். பெரியப்பா அதைக் காரண காரியத்தோடு விளக்குவார். “படம் இருந்தாத்தான எமன் அடையாளம் பாப்பான்? நம்மகிட்டத்தான் படமே இல்லையே, எவனைன்னுலே தேடுவான்?” என்பார். இதனால் அவருடைய கல்யாணத்திலேயே போட்டோ கிடையாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மேடைக்குக் கூப்பிட்டால் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்த அன்று, பெரியம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் சாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பெரியம்மாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை இதுதான். “ஊர்ல ஒவ்வொருத்தி புருசனோட சோடியா நின்னு எடுத்து, கண்ணாடி போட்டு மாட்டிருக்கா. நான் மட்டும் காலண்டரை மாட்டி வச்சிருக்கேன்” என்று எங்கள் அம்மாவிடம் வாரம் ஒரு தடவையாவது புலம்புவார்.

அந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்குக் கேமரா வருவது இரண்டு காரணங்களுக்காகத்தான்: ஒன்று கல்யாணம், இன்னொன்று எங்காவது வெடித்திருக்க வேண்டும். இவரைக் கண்டதும் டீக்கடையில் எல்லோரும் எழுந்து, “எங்கன தம்பி வெடிச்சது? நாரணாபுரமா?” என்று பதறினார்கள். எங்கேயும் வெடிக்கவில்லை, நீங்கள் அன்றாடம் எப்படி இருக்கிறீர்களோ அதைச் சும்மா எடுக்க வந்தேன் என்றார் அவர். அன்றிலிருந்து அவருக்கு ‘சும்மா போட்டோக்காரர்’ என்று பெயராகிவிட்டது. சிவகாசியில் லாட்ஜில் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்.

ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி, கழுத்தில் இரண்டு கேமரா. இந்த உருவத்தோடு வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டு, “நான் இங்க இல்லைன்னே நெனச்சுக்கோங்க” என்பார். எப்படி நினைப்பது? கம்பெனியிலிருந்து வரும் பெண்களின் கையிலும் கன்னத்திலும் அலுமினியத் தூள் மினுமினுக்கும். அவருக்கு அது வேண்டும். அவர்களோ அவரைக் கண்டதும் ஓடிப்போய்த் தேய்த்துக் கழுவி, பவுடர் பூசி, பட்டுச்சேலை கட்டி வந்து நிற்பார்கள். எங்கள் அம்மா அடுப்பு ஊதும்போது எடுக்க வந்தவருக்காக, அம்மா அவசரமாகப் புது மிக்சியைத் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் தள்ளி நின்று எடுக்கப் பார்த்தார். மிக்சியும் நகர்ந்து நகர்ந்து அவர் பார்வைக்குள் வந்துகொண்டே இருந்தது. பெரியப்பா மட்டும் அவருக்குச் சிக்கவே இல்லை. வெயில் இல்லாத நேரத்திலும் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தபடி வேலைக்குப் போனார்.

ஒரு முகூர்த்த நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே இருந்த பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். மாரடைப்பு. ஓடிவந்த சும்மா போட்டோக்காரரிடம் பங்காளித் தாத்தா ஒருவர், “வெடியெல்லாம் இல்ல தம்பி, சும்மா மாரடைப்புதான்” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மருந்து கலக்குகிறவருக்கு அப்படியொரு சாவு லேசில் வாய்க்காது.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நாற்காலியில் துண்டால் கட்டி உட்கார வைத்தார்கள். வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டு, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. பெரியம்மாவை, அன்று ஒரு நாளைக்கு மட்டும் செய்கிற வழக்கப்படி, தலைநிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமும் கைநிறைய வளையலுமாக எதிரில் உட்கார்த்தினார்கள். பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். “படமே இல்லாம உங்களை எப்படிக் கண்டுபிடிச்சான் அந்தப் பாவி!” என்று பெரியம்மா அலறியபோது, அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது அழுகைக்காக அல்ல.

அலறிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தி மூக்கைச் சிந்தினார். மூலையில் நின்ற சும்மா போட்டோக்காரரைப் பார்த்து, “தம்பி, ஒரு படம் எடுக்கணும்” என்றார்.

“எடுத்துட்டுத்தாம்மா இருக்கேன்.”

“இது இல்ல. நாங்க ரெண்டு பேரும் சோடியா, ஒழுங்கா ஒண்ணு.”

ஊர் ஸ்டூடியோக்காரர் விருதுநகரில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பாடை வாசலில் தயாராக இருந்தது. இவரை விட்டால் பெரியம்மாவுக்கு வேறு கதியில்லை. ஆனால் யாரையும் உட்கார், நில் என்று சொல்லி எடுப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. நாங்களே உக்காந்துக்கிருவோம்” என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் போட்டார் பெரியம்மா.

அதோடு நிற்கவில்லை. காசை எடுங்கள், பஞ்சை எடுங்கள், நாடிக்கட்டை அவிழுங்கள் என்றார். “கட்டை அவுத்தா வாய் தொறந்துக்கிரும் தாயி, பாடை கட்டியாச்சு, நேரமாகுது” என்று பங்காளித் தாத்தா குதித்தார். பெரியம்மாவின் தம்பி, எங்களுக்கு மாமா, “நான் புடிச்சுக்கிறேன்க்கா” என்று நாற்காலிக்குப் பின்னால் குத்தவைத்து, மாலைக்குள் கையை விட்டு மச்சானின் தாடையைத் தாங்கினார். பெரியம்மா சீப்பெடுத்து, “உசிரோட இருந்தப்பயும் தலை சீவ மாட்டீக” என்று திட்டிக்கொண்டே வகிடு எடுத்துவிட்டார்.

சும்மா போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திவிட்டார். “இது பொய்யாயிடுமே அம்மா” என்றார் மெதுவாக.

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “இத்தனை வருசமா நான் இவுக பக்கத்துலதான தம்பி இருந்தேன்? அது பொய்யா?”

காலையிலிருந்து மிக்சியையும் பங்காளித் தாத்தாவையும் நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான், பெரியப்பா செத்துப்போய்விட்டார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் கேமராவைத் தூக்கினார். தூக்கியவர் அதன் பிறகு முழு ஸ்டூடியோக்காரராகவே மாறிப்போனார். “அம்மா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. தலையை நிமிர்த்துங்க. அண்ணே, உங்க விரல் தெரியுது, உள்ள இழுங்க. யாராவது அந்தப் பாயை எடுங்களேன்!” என்று விரட்டினார். “ரெடி” என்றதும் பெரியம்மா சிரித்தார். பல் தெரிய, கன்னம் குழிய, ஒரு கல்யாணப் பெண் மாதிரி. கேமரா ஓசை கேட்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் படம் வந்தது. புருசன் செத்த அன்று சிரித்தவள் என்று தெருவே பேசியது. பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டே சுவரில் ஆணி அடித்தார்.

இப்போது எங்கள் ஊரில் கேமராவைக் கண்டு பதறுபவர்கள் யாரும் இல்லை. துட்டி வீட்டில் பிணத்துக்கு எதிரில் போனை நிறுத்தி, துபாயில் இருக்கும் மகனுக்கு நேரடியாகக் காட்டுகிறார்கள். குழிமேட்டில் செல்ஃபி எடுத்தவனையும் பார்த்துவிட்டேன். ஆயுசு குறையும் என்று குடைபிடித்து ஓட ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு படத்துக்காகப் பாடையைக் காக்க வைக்கவும் ஆள் இல்லை.

போன பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் மகனான அண்ணனுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த அண்ணி, சுவரில் இருந்த படத்தைத் துடைத்துக்கொண்டே, “அத்தை, நீங்க எம்புட்டு அழகாச் சிரிக்கீக! மாமா மட்டும் ஏன் கண்ணை மூடிட்டாக?” என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியம்மா கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: “கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை உக்கார வச்சேன் தாயி. அப்பயும் மூடிக்கிட்டாக, பிடிவாதக்கார மனுசன்.”