சோழவந்தான் சாலையில் ஒரு நீள ஆணி

சோழவந்தான் போய்வந்ததைப் பயணம் என்று எழுதினால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். கே.கே. நகரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். காலையில் போனால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். நானும் அப்படித்தான் எட்டரை மணிக்குக் கிளம்பினேன்.

எனக்குத் தொழில் மர அறுவை மில். சாலையை அகலமாக்க வெட்டிப்போட்ட புளியமரம் ஒன்றைச் சோழவந்தானுக்குக் கொஞ்சம் முன்னால் ஏலத்தில் எடுத்திருந்தேன். கிரேன் வந்து ஏற்றுவதற்கு முன் அதில் ஆணி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். போன மாதம் வேறொரு மரத்தை அறுத்தபோது உள்ளே கிடந்த ஆணியில் பட்டு ரம்ப பிளேடு தெறித்தது. ஒரு துண்டு மிஷின்காரரின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். அந்த ஆணி முக்கால் சாண் இருந்தது. "இம்புட்டு நீள ஆணிய எந்த மடையன் மரத்துல அடிச்சான்" என்று வாய்க்கு வந்தபடி திட்டி, பழைய இரும்புத் தொட்டியில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தப் பழைய மெட்டல் டிடெக்டர். கம்பின் அடியில் தட்டு போல இருக்கும் காயிலில் விரிசல். இரும்பைக் கண்டுபிடிப்பதே அந்தக் காயில்தான், அது இல்லாவிட்டால் மிச்சம் வெறும் கம்பு. எனவே முதலில் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "என்னண்ணே, புதையலா?" என்றார்.

"ஆணி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் இரண்டு காயில்களை எடுத்து வைத்தார். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னொன்று உள்ளங்கை அளவு.

"பெருசு ஆழமாப் பாக்கும். ஆனா பக்கத்துப் பக்கத்துல நாலு ஆணி இருந்தா நாலுக்கும் சேத்து ஒரே கத்தா கத்தும். சின்னது எடத்தச் சரியாக் காட்டும், ஆழத்துக்குப் போகாது. நீங்கதான் சொல்லணும்."

டியூஷன் சென்டர் போர்டு, கட்சிக்கொடி, பல் டாக்டர் விளம்பரம். சாலையோர மரத்தில் இருக்கும் ஆணியெல்லாம் இந்த வகைதான், மேலாகவே இருக்கும். போன மாதத்து ஆணி எப்போதாவது ஒன்று வருவது. அப்படி நினைத்துச் சின்னதை எடுத்தேன். நாலாயிரத்து இருநூறு ரூபாய். "பெருசையும் கொண்டு போங்க, வேணாம்னா திருப்பிக் குடுங்க" என்று அதையும் பையில் திணித்துவிட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

சமயநல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை வயல், தென்னை. சாலையோரத்தில் மட்டும் வரிசையாக வெட்டுப்பட்ட அடிமரங்கள். வெயில் நேராக மடியில் விழுந்தது. குட்டியானை லோடு வண்டியை ஓட்டிவந்த பாண்டி என்னிடம் பல வருடமாக இருப்பவர். ஆள் பலசாலி, ஆனால் இருட்டினால் தனியாக மில்லுக்குள் போகமாட்டார்.

எங்கள் மரம் கிளை கழிக்கப்பட்டுக் கிடந்தது. சின்னக் காயிலை மரத்தின் மேல் தடவிக்கொண்டே போனேன். கத்திய இடத்திலெல்லாம் ஆணி, சொன்ன இடத்தில் சொன்னபடி. பாண்டி பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்கெல்லாம் சத்தம் அடங்கிவிட்டது. மதியத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்கு ஏகக் குஷி.

அப்போதுதான் வாய்க்கால் கரையில் நின்றிருந்த அம்மாளைப் பார்த்தேன். அறுபது வயது இருக்கலாம். மெதுவாகக் கிட்டே வந்தார்.

"தம்பி, எல்லா ஆணியும் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா."

அவர் விரல்களை விரித்து நீளம் காட்டினார். "இம்புட்டு நீளத்துல ஒண்ணு?"

"இல்லையே. ஏன்?"

அவர் பெயர் மூக்கம்மாள். மரத்தைத் தொடாமல் நின்றபடியே சொன்னார்.

"எம்மக வனிதா, காச்சல்ல மூணே நாள்ல போயிட்டா. இருவது வருசமாச்சு. செத்ததுக்கப்புறம் எம்மேல வந்து பேசுனா. அம்மா பசிக்குது, அம்மா பசிக்குதுன்னு. வேற ஒண்ணும் கேக்கல. சனமெல்லாம் பயந்துபோயி பேயோட்டுற கோடாங்கியக் கூட்டியாந்தாக. அவரு எம்முடியில ஒரு கொத்து வெட்டி, ஆணியில சுத்தி, அவள இந்த மரத்துல அடிச்சுட்டாரு. நானும் சரின்னு தலையாட்டுனேன். அன்னையோட வரல."

கிடந்த மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"சோறுதான தம்பி கேட்டா. ஆணிய அடிச்சுப்புட்டோம். அதுலருந்து இந்த ரோட்ல நான் நடந்ததில்ல, வாய்க்கா வழியாத்தான் சுத்திப் போவேன். மரத்த அறுக்கப் போறாகன்னு சொன்னாக. ரம்பம் அவ மேல படக்கூடாது. எடுத்துக் குடுத்துருங்க."

பாண்டி என்னைத் தனியே இழுத்தார். "அண்ணே, வேணாம். கட்டுனது கட்டுனபடி கெடக்கட்டும். அந்தத் துண்ட மட்டும் இங்கயே விட்டுட்டுப் போயிருவோம்."

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியேற முடியவில்லை. பெரிய காயிலை மாட்டினேன்.

"என் நெஞ்சு உசரத்துல அடிச்சாக" என்றார். அடியிலிருந்து அந்த உயரத்தை அளந்து தடவினேன். சத்தமில்லை. மரத்தைப் புரட்ட வேண்டும். பாண்டி தள்ளியே நின்றார். மூக்கம்மாள் கடப்பாரையை எடுத்துத் தாமே நெம்பத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் பாண்டி முணுமுணுத்துக்கொண்டே வந்து தோள் கொடுத்தார்.

மறுபக்கத்தில் பெரிய காயில் மெல்ல முனகியது. இருபது வருடத்தில் மரம் ஆணியை விழுங்கி மேலே வளர்ந்து மூடியிருந்தது. எந்த இடம் என்று மட்டும் பிடிபடவில்லை, ஒரு முழத்துக்கு முனகல். உளியால் பள்ளம் எடுத்து, சின்னக் காயிலை அதற்குள் வைத்துப் பார்த்து, திரும்பவும் செதுக்கினேன். கட்டை கருத்துக்கொண்டே வந்தது. ஒரு மணி வாக்கில் ஆணியின் தலை தெரிந்தது. முடி ஒன்றுகூட இல்லை, கரிய கறை மட்டும்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஆணியை முந்தானையால் துடைத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

"வண்டியில ஏறுங்கம்மா, வீட்ல விட்டுட்டுப் போறோம்."

"வேணாம் தம்பி. நடந்தே போறோம்."

வாய்க்கால் பக்கம் திரும்பவில்லை, நேராகத் தார்ச்சாலையில் ஏறினார். மூடிய கையைப் பார்த்து, "வா தாயி. சோறாக்கி வச்சுட்டுத்தான் வந்தேன், ஆறிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

திரும்பும்போது சமயநல்லூர் கிட்டே பாண்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, போன மாசம் பிளேடு உடைஞ்சுச்சே, அது எந்த ஊரு மரம்?"

"அழகர்கோவில் ரோடு."

"புளியமரந்தான?"

"ஆமா."

வீட்டுக்கு வேண்டாம், மில்லுக்கு விடச் சொன்னேன். பழைய இரும்புத் தொட்டி காலி. பழைய இரும்பு வியாபாரி முந்தாநாளே அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று மிஷின்காரர் சொன்னார்.

பெரிய காயிலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று மணிக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சோற்றைச் சூடாக்கிப் போட்டாள். அழகர்கோவில் பக்கம் எந்த வீட்டில் யார் சோறாக்கி வைத்துவிட்டு அந்த மரத்தைத் தேடி வந்து, வெறும் தரையைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ, தெரியவில்லை.