அப்பாவின் டபுள் ஷிஃப்ட்

"சாமியே இல்லாத வீட்டுல வளர்ந்த பொண்ணு, நீ கோயிலைப் பத்தி என்னம்மா ரிசர்ச் பண்ணப் போற?" என்று ஓர் ஆன்ட்டி என்னிடம் கேட்டார். சிரித்து வைத்தேன்.

அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கே போகாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்பா தாராபுரம் பக்கம் கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்தவர். தாலியும் புரோகிதரும் இல்லாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அமெரிக்காவில் சன்னிவேல் நகரத்து உணவகம் ஒன்றுக்குச் சமையல்காரராக வந்தார். மளிகைக் கடையில் இலவசமாகத் தரும் காலண்டரில் சாமி படம் இருந்தால், அதைக் கத்தரித்துவிட்டுத் தேதியை மட்டும்தான் சுவரில் மாட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருக்கு ஞாயிறுதோறும் டபுள் ஷிஃப்ட் வர ஆரம்பித்தது. அப்படி ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் மகள் பிறந்தநாளென்று எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றோம். புளியோதரை அண்டாவுக்குப் பின்னால், நெற்றி நிறையத் திருநீறோடு அப்பா நின்றிருந்தார். சாஃப்ட்வேர் அங்கிள்கள் "மாஸ்டர், மாஸ்டர்" என்று அவரைச் சுற்றி நின்றார்கள்.

"ஏனுங்க, டபுள் ஷிஃப்ட்டை இங்கயா போட்டிருக்காங்க?" என்றார் அம்மா.

அப்பாவின் கரண்டி நின்றது. "சாமிக்காக வரல. இங்க வந்தா நாலு பேரு பேசறாங்க."

"பேசறதுக்கு நெத்தியில எதுக்குங்க இவ்வளவு?"

அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நான் ஆங்கிலத்தில் சத்தமாக அறிவித்தேன். வரிசை சிரித்தது. அம்மா தட்டை வைத்துவிட்டு முருகன் சன்னிதிக்குப் போய்க் கண்ணை மூடி நின்றார். அவர் கும்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அழுதுகொண்டே கும்பிட்டார்.

அம்மா மூன்று வாரம் அப்பாவோடு பேசவில்லை. என் வகுப்பில் பொய் சொன்னால் ஒருநாள் விளையாட விடமாட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் எனக்கு அதிகமாகப் பட்டது.

கல்யாணத்துக்கு முன் அம்மா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்கு நடந்து போனவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்காகத்தான் அதை விட்டார். பன்னிரண்டு வருடம் முருகன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா சாமியிடம் திரும்பிப் போனபோது அம்மாவைக் கூப்பிடாமல் போயிருந்தார்.

சாமியை விட்டவர்கள் இந்த ஊருக்கு வந்ததும் ஏன் அவரிடமே திரும்பிப் போகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சென்ற சனிக்கிழமை முதல் நேர்காணலை எடுத்து முடித்தேன். பேசியது அம்மா. இரண்டு மணி நேரமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.