கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு ஜெர்மன் சொல்

நர்ஸ் வேலைக்காக ஜெர்மனி போன புதிதில், மொழி வகுப்பில் எனக்குப் பிடித்த ஒரே சொல் கல்லறைத் தோட்டத்துக்கு உரியது. ஃப்ரீட்ஹோஃப். இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்குவது அவர்கள் வழக்கம். 'ஃப்ரீடே' என்றால் சமாதானம், 'ஹோஃப்' என்றால் முற்றம். சமாதான முற்றம் என்று நானாகவே பொருள் எழுதிக்கொண்டேன்.

திண்டுக்கல்லுக்குப் போன் போட்டபோது அப்பாவிடம் சொன்னேன்.

"நல்ல பேருதான். அங்கன நடுவுல செவரு இருக்காதா?"

"இல்லப்பா."

"அப்ப வெள்ளக்காரன் பரவாயில்ல."

எங்கள் ஊர்க் கல்லறையின் நடுவே சுவர் உண்டு. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. செத்தால் மட்டும் சாதிக்கொரு பக்கம். அம்மா தலித். அப்பா வேறு சாதி, சுவருக்கு இந்தப் பக்கம். தொண்ணூறுகளில் அம்மா இறந்தபோது சித்தப்பாமார் தங்கள் பக்கம் விடாமல் மறித்தார்கள். அவளைச் சுவருக்கு அப்பால் அடக்கம் செய்தோம். அன்றைக்கே அப்பா என்னிடமும் தங்கையிடமும் சொன்னார்: "என்னைய அவகிட்டயே போட்ருங்க." வேறெதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

அவர் இறந்து, நான் விமானம் பிடித்து ஊர் சேர்வதற்குள் சித்தப்பாமார் பக்கமே அடக்கம் முடிந்திருந்தது. தங்கை கல்லறை வாசலை மறித்து மன்றாடியிருக்கிறாள். "இருந்தவரைக்கும் அவரு இஷ்டம். போறப்பயாச்சும் நம்ம ஆளுகளோட போகட்டும்" என்றாராம் ஒரு சித்தப்பா. பங்குச் சாமியாரோ, "பிரச்சினை வேண்டாம்மா" என்று ஜெபப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

திரும்பிப் போன பிறகு நூலகத்தில் ஒரு சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன். ஃப்ரீட்ஹோஃப் சமாதானத்திலிருந்து பிறந்ததே அல்லவாம். வேலியிட்டுக் காத்த இடம் என்பதுதான் பழைய பொருள். அந்த வேர் மறந்துபோக, ஓசை ஒத்துவருகிறதே என்று சனங்கள் பின்னால் சமாதானத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். அடைப்புதான் முதலில். அப்பாவுக்குத் திருத்திச் சொல்ல வழியில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வாசல். நான் அப்பாவிடம் போனேன், தங்கை அம்மாவிடம் போனாள். மெழுகுவத்தி கொளுத்தி முடித்ததும் சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா, அப்பாவுக்கு நேரா செவத்தத் தட்டு."

தட்டினேன். அம்மாவின் கல்லறையிலிருந்து சத்தம் வந்த இடம்வரை அவள் சுவரோரமாக நடந்து வருவது கேட்டது.

"ரொம்பத் தள்ளிப் போட்டுட்டாங்கக்கா," என்றாள்.