வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

தில்லையம்பலத்துக்கு எடுத்த எடுப்பில் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கனடாவில் இறக்கிவிடுகிறேன் என்று சொன்ன ஏஜென்சிக்காரன் அவரை ஹீத்ரோவில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். அன்று பிடித்த வியாதி. முப்பது வருஷமாகியும் பால் போத்தலில் திகதி அடித்திருந்தால்கூட மணந்து பார்த்த பிறகுதான் தேத்தண்ணீருக்கு விடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது லண்டன் எட்மண்டனில் அவர் வேலை செய்யும் பொயிலர் ஹவுஸை மட்டும்தான். ஒரு காலத்தில் லொறி லொறியாக நிலக்கரி தின்ற இடம். பிறகு எரிவாயுவுக்கு மாறிவிட்டது, கரி படிந்த புகைபோக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. அங்கே கொதிக்கும் தண்ணீர் நிலத்தடிக் குழாய்களில் ஓடி, சுற்றியிருக்கும் மாடிவீடுகளின் ரேடியேற்றர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். கூடவே எடுக்கும் மின்சாரம் அந்தப் பகுதிக்குப் போகும். கூட்டித் துடைக்கப் போன தில்லையம்பலம் மெல்ல மெல்ல ஷிப்ட் ஒப்பரேற்றரானார். குடியிருப்பதும் அந்த மாடிகளில் ஒன்றில்தான்.

இந்தக் குளிர்காலத்தில் தண்ணீர் குறையத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீர் குறையவே கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையானால் அழுத்தம் விழும், புதுத் தண்ணீர் நிரப்பும் பம்ப் மூச்சுவாங்க ஓடும். குழாய்கள் உக்கிவிட்டன என்று முடிவானால் கொம்பனி எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டு வீடுகளுக்கு மின்சார ஹீற்றர் கொடுத்துவிடும். தில்லையம்பலத்தின் வேலையும் அதோடு சரி.

அதைப் பரிசோதிக்கத்தான் பிரீத்தா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, இஞ்சினியர், சிரித்த முகம். அந்தச் சிரிப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் வருவதும் வெள்ளிக்கிழமைகளில், அதுவும் தனியாக நிலவறைக்குள் இறங்குவாள். தண்ணீரைக் கழிவுக் கானுக்குள் திறந்துவிடும் வால்வு அங்கேதான் இருக்கிறது.

"என்ன பிள்ளை, கீழ தனியாப் போறீங்கள்?"

"ஆமா அங்கிள், கூட யாராவது வந்தா பேசிட்டே இருப்பாங்க. சத்தம் கேட்டாத்தான் லீக் தெரியும்."

சரியான பதில்தான். பதில் சரியாக இருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. மூடுவதற்குக் காரணம் தேடி அனுப்பப்பட்டவள், காரணத்தைத் தானே செய்துவைக்கிறாள் என்று கணக்குப் போட்டார்.

மற்றவர்கள் சாட்சி பிடித்துவிட்டு முறைப்பாடு செய்வார்கள். தில்லையம்பலத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? வியாழக்கிழமை மேலதிகாரி பெனடிக்றிடம் போய், "அவ கள்ளவேலை செய்யிறா, நான் கண்ணால கண்டனான்" என்று சொல்லிவிட்டார். கண்டது அவள் படியிறங்கியதை மட்டும். பிறகுதான் சாட்சிக்கு ஏற்பாடு செய்தார். கசிவு கண்டுபிடிப்பதற்கென்று களஞ்சியத்தில் இருந்த பச்சைச் சாயத்தைத் தண்ணீரில் கலந்துவிட்டார். நிலவறைக் கான் பச்சையானால் ஆள் அகப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரீத்தா வரவில்லை. முறைப்பாடு வந்ததால் அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக பெனடிக்ற் சொன்னார். தில்லையம்பலம் பம்பைப் பார்த்தார். அது மற்ற வெள்ளிக்கிழமைகளைப்போலவே மூச்சுவாங்க ஓடிக்கொண்டிருந்தது. நிலவறைக்கு ஓடினார். கான் காய்ந்து கிடந்தது. அவள் இல்லாமலே தண்ணீர் வேறெங்கோ போகிறது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது மனைவி தவமலர் கையில் துடைப்பத்தோடு அழுதுகொண்டு நின்றாள். சுவாமி அறை நிலம் முழுக்கக் கிளிப்பச்சை.

"ஆரோ எங்களுக்குச் செய்வினை செய்துபோட்டினம். கீழ்மாடி அருள்மலர் வீட்டிலயும் இப்பிடித்தானாம்."

"இந்தத் தண்ணி எங்க பிடிச்சனீர்?"

அவள் சுவாமித் தட்டின் திரையை விலக்கிக் காட்டினாள். ரேடியேற்றரின் அடியில் சின்னதாக ஒரு திருகு பைப். "தம்பி பிரியந்தன் பூட்டித் தந்தவன். குசினிப் பைப்பில சுடுதண்ணி வர எவ்வளவு நேரம் பிடிக்குது. வெள்ளிக்கிழமை விடியவே வீடு கழுவ வேணுமெல்லோ? இதில உடன கொதிக்கக் கொதிக்க வருது. கேட்ட எங்கட சனம் எல்லாருக்கும் பூட்டிக் குடுத்தவன். சும்மா ஓடுற தண்ணிதானே."

தில்லையம்பலம் ஈர நிலத்திலேயே இருந்துவிட்டார். குழாய்கள் உக்கவில்லை. எட்மண்டன் தமிழ்ச்சனம் வீடு கழுவியிருக்கிறது. அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. பிரீத்தாவுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, தண்ணி போனது என்ர வீட்டாலதான். இஞ்ச சனம் ரேடியேற்றரில பைப் பூட்டி வீடு கழுவுதுகள்."



"அப்ப குழாய் நல்லாத்தான் இருக்கு. பெனடிக்ற் சார்கிட்ட சொல்லிடுங்க, மூட மாட்டாங்க. அதை மூட வேண்டாம்னு சொல்லத்தான் நானும் காரணம் தேடிட்டிருந்தேன். அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா வந்தேன்."

"உங்களைத் திருப்பி எடுக்கச் சொல்லி நான் கேக்கிறன்."

"வேண்டாம் அங்கிள். திருடின்னு பேர் வந்த இடத்துக்கு எப்படி வருவேன்? ஒரு தடவை என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

அவள் வைத்துவிட்டாள். தவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிர்க்கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எழும்புங்கோ. தண்ணி எடுத்தது நான், உங்கட பெரியவரிட்ட நானே வந்து சொல்லுறன்."

தண்ணீரைப் பற்றி அவள் சொல்லிவிடலாம். கண்ணால் கண்டேன் என்றது பொய் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலே தில்லையம்பலம் அவளுக்குப் பின்னால் படியிறங்கினார்.