கண்டிப்பதற்காக ஒரு ஃபார்வர்டு

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஆபாசத்தை ஒழித்தோம். பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. அப்புறம் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஒழித்தோம்.

நாகல் நகரில் எங்கள் தெருவும் பக்கத்து நாலைந்து தெருக்களும் சேர்ந்து 'பண்பாட்டுப் பாதுகாப்புக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம். தலைவர், ஓய்வுபெற்ற சர்வேயர் முருகானந்தம். செயலாளர், பெயின்ட் கடை தங்கவேல். மகளிர் அணி, நான். அணி என்றால்... நான் மட்டும்தான்.

"நீங்கதான் பத்திரிகையில எழுதுறீங்களே தங்கச்சி! மனு எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்று தங்கவேல் அண்ணன் கேட்டார். எழுதுகிறவர்களின் பலவீனம் உங்களுக்குத் தெரியாததா? 'நீங்க எழுதினா நல்லா இருக்கும்' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், பேனா மூடியைத் திறந்துவிடுவோம்.

பஸ் ஸ்டாப் சுவரில் மூன்று சினிமா போஸ்டர்கள். ஒன்றில் கதாநாயகி மழையில் நனைந்திருந்தாள். அவள்தான் முதல் குற்றவாளி. தங்கவேல் அண்ணன் கடையிலிருந்து ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் வந்தது. பிரஷ் பிடிக்க அம்புட்டுப் போட்டி! கழுத்திலிருந்து முழங்கால் வரை அந்தப் பெண்ணுக்கு ஓர் அங்கி பூசினார்கள். நிதானமாக, ரசித்துப் பூசினார்கள். பக்கத்தில் சட்டை போடாமல் நின்ற கதாநாயகனை யாரும் தொடவில்லை. அவருக்குப் புழுக்கமாக இருந்திருக்கும், பாவம்.

மறுநாள் அதிகாரிகளிடம் மனு. நாலு பக்கம். 'ஆபாசத் தடுப்புச் சட்டங்களைத் தயவு தாட்சண்யமின்றி அமல்படுத்த வேண்டும்' என்று எழுதியிருந்தேன். 'இரும்புக்கரம்' இரண்டு இடத்தில் வரும். கலெக்டர் ஆபீசிலும் கொடுத்தோம், போலீசிலும் கொடுத்தோம். போட்டோவில் நான் நடுவில் நின்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அடுப்பில் வெஞ்சனம் வெந்துகொண்டிருந்தது. குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி.

'அதிர்ச்சி!!! நம் பகுதியிலேயே இப்படி ஓர் அசிங்கம். அனைவரும் பார்த்துக் கண்டிக்கவும்.'

கீழே ஒரு வீடியோ. அனுப்பியவர் செயலாளர் தங்கவேல்.

திறந்தேன். அதில் இருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். எனக்கு ஜாக்கெட் தைக்கிற கவிதா.

குரூப்பில் கண்டனங்கள் குவிந்தன. 'கண்டிக்கிறேன்.' 'வன்மையாகக் கண்டிக்கிறேன்.' ஒருத்தர் மட்டும் 'கிளியரா இல்ல, வேற காப்பி இருந்தா அனுப்பவும்' என்று போட்டிருந்தார். கண்டிப்பதற்கு ஹெச்.டி. தேவைப்பட்டிருக்கிறது!

கவிதாவுக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பத்து வருஷம். புருஷன் சிவக்குமார் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். இவள் எங்கள் பின் தெருவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு '-ங்க' போடாமல் பதில் சொல்லத் தெரியாது.

அன்று மத்தியானமே நான் கடைக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கவிதா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதுக்குள்ள மூணு பேர் துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா. 'அவசரமில்ல, அப்புறம் தைச்சுக்கறோம்'னாங்க. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கலைங்க. அதான் போன்லயே பாத்தாச்சுங்களே..."

"அது நான் இல்லீங்கக்கா. மூஞ்சி மட்டுந்தான் என்னுது. ஆரி ஒர்க் டிசைன் காட்டி ஒரு ரீல்ஸ் போட்டிருந்தேன்ல? அதுல இருந்து எவனோ எடுத்து ஒட்டியிருக்கான். அதுக்குன்னே போன்ல ஏதோ ஏ.ஐ. ஆப் இருக்குதாமாங்க."

"தெரியும்மா. பாத்தாலே ஒட்டுன மாதிரிதான் இருந்துச்சு."

ஊசி நின்றது. "ஏனுங்கக்கா... அப்ப நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முழுசாங்களா?"

"...முழுசா."

அது கவிதா என்று தெரிந்த முதல் நொடியிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை? இன்னமும் எனக்குப் பதில் தெரியாது.

அவள் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். "அவரும் முழுசாப் பாத்துட்டுத்தாங்கக்கா போன் பண்ணுனாரு. மார்க்கெட்ல மூட்டை இறக்கிட்டு இருந்தாராம். 'இது நீயா?'ன்னு கேட்டாரு. பத்து வருஷம் கூட இருந்தவருங்க. வீடியோவக்கூடத் தாங்கிக்குவேன். அந்தக் கேள்விய எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலைங்க."

அன்று சாயங்காலம் தலைவர் வீட்டு மாடியில் குழுவின் அவசரக் கூட்டம். ஆண்கள் பதினைந்து பேர், மகளிர் அணி ஒன்று. மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, அந்தப் பெண் இனிமேல் ரீல்ஸ் போடக் கூடாது. இரண்டு, விஷயம் ஆறும் வரைக்கும் ரெண்டு மாசம் அம்மா வீட்டில் போய் இருப்பது நல்லது. மூன்று, போலீசுக்குப் போனால் ஏரியா பேர் கெட்டுப்போகும். ஆகவே போகக் கூடாது.

இதைச் செய்தவன் யார் என்பது பற்றி நாலாவது தீர்மானம் வரும் என்று காத்திருந்தேன். டீ வந்தது.

டீயோடு சேர்ந்து கவிதாவும் வந்தாள். பின்னாலேயே சிவக்குமார். மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கக்கூட அவள் நிற்கவில்லை.

"ஏனுங்க, ஆபாசத்துக்கு எதிரா மனு கொடுத்தவங்க நீங்கதானுங்களே? நாங்க இப்ப சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போறோம். கூட ரெண்டு பேர் வந்தீங்கன்னா தெம்பா இருக்குமுங்க."

அப்போது பார்க்க வேண்டுமே எங்கள் பண்பாட்டை!

"வந்துருவேன்மா... பிரஷர் மாத்திரை போடுற நேரம்" என்றார் தலைவர். "கடையில ஆள் இல்லம்மா, செத்த நேரத்துல அடைக்கணும்" என்றார் செயலாளர். மற்றவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். சிலர் கிடைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"நான் வாரேன்" என்று எழுந்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் அவள் கேட்ட 'முழுசாங்களா?' உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். வீடியோவைப் பத்து விநாடி ஓட விட்டவர், உடனே நிறுத்திவிட்டார். எங்களை விட நாகரிகம்.

சிவக்குமாரிடம் திரும்பினார். "சார், இது உங்க வொய்ஃப் இல்லைன்னு நீங்களும் எழுதிக் கொடுக்கணும்."

"கொடுக்கறேனுங்க" என்றார் அவர். "மேடம், நான் இவகிட்டயே 'நீயா'ன்னு கேட்டுட்டேனுங்க. கேட்டிருக்கவே கூடாது. அதையும் எங்கயாச்சும் எழுதிக்க முடியுமுங்களா?"

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாகக் கவிதா புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன். பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்து என் முறை. "உங்களுக்கு எப்படி வந்துச்சு மேடம்?" போனை நீட்டினேன். எஸ்.ஐ. படித்தார். 'அனைவரும் பார்த்துக் கண்டிக்கவும்.'

"கண்டிக்கிறதுக்காகத்தான் அனுப்பியிருக்காரு..." என்று இழுத்தேன். எங்கள் குழு ஆயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா?

"கண்டிக்கிறவரு வார்த்தைய மட்டும் அனுப்பலாமே, வீடியோ எதுக்கு? இதை உண்டாக்குனவன் மட்டுமில்ல மேடம், பரப்புறவனும் குற்றவாளிதான். ஐ.டி. ஆக்ட்ல அறுபத்தேழாவது பிரிவே அதுக்குத்தான் இருக்கு. ஜெயில் வரைக்கும் போகும்." குரூப்பின் பெயரை மறுபடி பார்த்தார். "ஓ... உங்க மனு இங்கயும் வந்துச்சே! சட்டத்தைத் தயவு தாட்சண்யமில்லாம அமல்படுத்தணும்னு எழுதியிருந்தீங்களே?"

"ஆமா."

"பண்ணிருவோம்."

ஸ்டேஷனிலிருந்து தங்கவேல் அண்ணனுக்கு ஒரு போன் போனது. அதன்பிறகு நடந்ததை என் போனில் நேரலையாகப் பார்த்தேன். தங்கவேல் லெஃப்ட். முருகானந்தம் லெஃப்ட். லெஃப்ட்... லெஃப்ட்... லெஃப்ட்... ஆட்டோ பிடித்து நாங்கள் வீடு திரும்புவதற்குள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்த குரூப்பில் நான் மட்டும் மிச்சம். அட்மின்கள் எல்லோரும் ஓடிவிட்டால், இருக்கிற ஆளே அட்மின் ஆகிவிடுவாராம். ஆக, பண்பாட்டைப் பாதுகாக்கும் முழுப் பொறுப்பும் இப்போது என் தலையில்.

ரெண்டு நாள் கழித்துத் தங்கவேல் அண்ணன் ஆப்பிள் பையோடு தையல் கடைக்கு வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன்மா. எனக்கும் பேரன் பேத்தி இருக்கு. பேப்பர்ல பேர் வந்தா அசிங்கம்."

கவிதா மெஷினை நிறுத்தவில்லை. "நீங்க அனுப்புனப்ப எனக்கும் பேர் இருந்துச்சுங்களே?"

அவர் ஆப்பிள் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"புகாரை வாபஸ் வாங்க மாட்டேனுங்க. அது தனி. ஆனா நீங்க ஒண்ணு செய்யலாம். யார் யாருக்கு அதை அனுப்புனீங்களோ, அத்தனை பேருக்கும் 'அது பொய், சரி பாக்காம நான்தான் அனுப்பினேன், அதை அழிச்சுருங்க'ன்னு உங்க பேர் போட்டு அனுப்புங்க. இங்க உக்காந்தே அனுப்புங்க."

அனுப்பினார். குரூப் கலைந்துவிட்டதால் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. சாயங்காலம் ஆகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு ஆளையும் விடவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மாத்திரை போடப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, பாருங்கள்.

வீடியோவை முதலில் ஏற்றிய கணக்கு பொய்ப் பெயரில் இருக்கிறதாம். லிங்க்கை எடுக்க வைத்துவிட்டார்கள். ஆளை இன்னும் பிடிக்கவில்லை. "டைம் ஆகும், ஆனா விட மாட்டோம்" என்கிறார் எஸ்.ஐ. திருப்பி வாங்கிப் போன மூன்று பேரில் ஒருத்தி துணியை மறுபடி கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற இருவரும் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கவிதா ஊருக்குப் போகவில்லை. முழு ஷட்டரையும் திறந்து வைத்துத்தான் தைக்கிறாள். லோடு இல்லாத நாளில் சிவக்குமார் கடையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக் கொடுக்கிறார். கோணல் மாணலாகத்தான் வருகிறது. அவள் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிறாள். பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் பழையபடி இல்லை.

போன சனிக்கிழமை சாட்சி வாக்குமூலத்துக்காக போலீஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. வீடு வீடாக ஒரே கேள்வி: 'அந்த வீடியோ உங்களுக்கு வந்ததா? பார்த்தீர்களா?'

ஒருத்தருக்கு டவுன்லோடு ஆகவில்லையாம். ஒருத்தருக்கு அன்றைக்கு நெட் இல்லையாம். ஒருத்தர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டாராம். தலைவருக்கு போனில் வீடியோ பார்க்கவே தெரியாதாம். ஹெச்.டி. கேட்டவர் வெளியூர் போயிருக்கிறார்.

கடைசியில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஏரியாவிலேயே ஆபாசத்தைப் பார்த்த ஒரே ஆள் மகளிர் அணிதான்... அரசாங்க ரெக்கார்டே அப்படித்தான் சொல்கிறது!