பிராசஸர் மாற்றிய வாரம்

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம் அது. திண்டிவனத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கல்யாண வீடியோ எடுப்பது எங்கள் தொழில். கேமரா என் கணவருடையது. எடுத்து வந்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடியாக்கும் மிக்ஸிங் வேலை என்னுடையது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கம்ப்யூட்டரைக் கையாலும் கண்ணாலும்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு எப்போதும் பயம். ஃபேன் கொஞ்சம் வேறு மாதிரி சத்தம் போட்டாலும் சோறு இறங்காது.

அந்த வாரம் பயப்பட நிஜமாகவே ஒரு காரணம் இருந்தது. கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ் எடுத்திருந்தோம். பெண்ணின் அத்தாவுக்கு வளைகுடாவில் வேலை. லீவு கிடைக்காமல் மகளின் கல்யாணத்துக்கே அவர் வர முடியவில்லை. பெண்ணின் அண்ணனும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் வியாழக்கிழமை ராத்திரி சென்னையில் விமானம் ஏறுகிறார். டிவிடி அவர் பையில் போக வேண்டும். விட்டால், அந்தப் பக்கம் போகிற அடுத்த ஆள் எப்போது கிடைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

"அக்கா, அத்தா தெனம் போன் பண்ணிக் கேக்கறாரு. எல்லாம் ஆயிடிச்சின்னு சொல்லிட்டேன். என்னப் பொய்யனாக்கிடாதீங்க" என்று அந்த அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மிக்ஸிங் முடிந்துவிட்டது. மூன்று மணி நேரப் படத்தை டிவிடிக்கு மாற்றுகிற கடைசி வேலைதான் பாக்கி. எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். நான்கு முறை ஓட்டினேன். நான்கு முறையும் பாதியில் செத்தது. முகூர்த்த மாதம், ஜெனரேட்டர் ஒன்றும் வாடகைக்குக் கிடைக்கவில்லை.

"புதுச்சேரிக்குத் தூக்கிக்கினு போயிடலாம். அங்க கரண்ட் போவாது" என்றார் கணவர்.

"பஸ்ல குலுங்கி ஹார்ட் டிஸ்க் போயிடுச்சின்னா? டேப்ப வேற அழிச்சிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுட்டீங்க."

படம் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது.

வேகமான பிராசஸர் போட்டால் வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டவள் நான்தான். விழுப்புரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணவர் போய் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தோம்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். எதைக் கழற்றினாலும் படம் எடுத்துவிட்டுத்தான் கழற்றுவது என் வழக்கம். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பின்னால் மறந்துவிடும். அன்று பயம் கூடுதலாக இருந்ததால், பெட்டியை ஆன் செய்ததிலிருந்து, மானிட்டரும் தெரியும்படி, முழுசாக வீடியோவே எடுக்கச் சொன்னேன்.

"கல்யாணப் பொண்ணா இது? லைட்டு வேற புடிக்கட்டுமா?" என்றார்.

"புடிங்க."

பிடித்தார். முணுமுணுத்துக்கொண்டே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி எடுத்தார்.

பழைய பிராசஸரைக் கழற்றி, சூட்டைக் கடத்த அதன்மேல் தடவிக் காய்ந்திருந்த வெள்ளைப் பசையைத் துடைத்து, புதியதை வைத்து, ஃபேனை மாட்டினேன். அவருக்கு விரல் தடிமன், அதனால் நான்தான் செய்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டரில் மட்டும் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு.

மாதாவே என்று உட்கார்ந்துவிட்டேன். மகளின் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கிற ஒரு மனிதரின் படத்தை என் கையாலேயே புதைத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

திங்கள் முழுக்க, கரண்ட் இருந்த மணிகளில் எல்லாம் அதோடு மல்லுக்கட்டினோம். ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினோம், மானிட்டர் ஒயரை மாற்றினோம், மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போட்டோம். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பழைய பிராசஸரையே திரும்ப வைத்தேன். பட்டென்று படம் வந்தது. டிஸ்கில் கல்யாணப் படமும் பத்திரமாக இருந்தது. ஆனால் பழையதை வைத்துக்கொண்டு வியாழக்கிழமைக்குள் டிவிடி போட முடியாது.

செவ்வாய்க்கிழமை புதிய பிராசஸரையும், ஞாயிற்றுக்கிழமை எடுத்ததைக் காட்டலாம் என்று கேமராவையும் எடுத்துக்கொண்டு இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். அந்தக் கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, கணவரிடம்தான் பேசினார்.

"போர்டு போச்சு சார். வேற போர்டு மாத்திடுங்க."

"பழைய பிராசஸர் போட்டா ஓடுதுங்களே. போர்டு போயிருந்தா எப்டி ஓடும்?" என்று நான் கேட்டேன்.

"அப்ப பிராசஸர் போச்சு."

"இங்கயே ஒரு மெசின்ல போட்டுக் காட்டுங்க."

சலித்துக்கொண்டே போட்டார். ஓடியது.

"ரெண்டும் நல்லாத்தான் கீது. ஒண்ணா வெச்சா மட்டும் ஏன் ஓடல?"

"இன்னா படிச்சிருக்கீங்க நீங்க?"

"ஒம்பதாவது."

"அதான்" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார்.

வழக்கமாக அங்கேயே ஊமையாகிவிடுவேன். ஆனால் வியாழக்கிழமை கண்முன் நின்றது. "ஒம்பதாவது படிச்சவளுக்குப் புரியற மாதிரியே சொல்லுங்க. ஏன் ஓடல?" என்றேன்.

அவர் மெசினிலிருந்து பிராசஸரைக் கழற்றிக்கொண்டே, "ஒங்க போர்டுல பயாஸ் எந்த வெர்ஷன்?" என்றார். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் எந்தெந்தப் பொருள் தன்னோடு இருக்கிறது என்று போர்டு பார்க்கிற சின்ன புரோகிராம் அது. பழையதாக இருந்தால் பின்னால் வந்த பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாதாம். "ஆன் பண்ண ஒடனே கறுப்புத் திரையில நம்பர் வரும், ரெண்டே செகண்டு. யாரு பாத்து வெச்சிருப்பா? வீட்டுக்குப் போயி பாத்துட்டு நாளைக்கு வாங்க."

நான் கணவர் கையிலிருந்து கேமராவை வாங்கி ஞாயிற்றுக்கிழமை டேப்பை ஓட்டினேன். இரண்டு விநாடியில் ஒரு கண் சிமிட்டலைப் பிடித்து நிறுத்துவதுதானே என் வேலை! நிறுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் போர்டு மாடலும் வெர்ஷனும் தெளிவாக நின்றன. லைட்டு பிடித்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தார்.

கடைக்காரர் கேமராத் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நெட்டில் தேடினார். எங்களுடையது மூன்றாவது வெர்ஷன். இந்தப் பிராசஸருக்கு ஏழாவது வேண்டும்.

"மேடம், ஒரு சேர் போடறேன், ஒக்காருங்க" என்றார்.

புதிய பயாஸைப் பென் டிரைவில் ஏற்றித் தந்துவிட்டு எச்சரித்தார். "பழைய பிராசஸரப் போட்டுக்கினு இத ஏத்தணும். மூணு நாலு நிமிஷம்தான். ஆனா நடுவுல கரண்ட் போச்சின்னா போர்டு செங்கல்லுதான், அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இங்க எடுத்துக்கினு வாங்க, நான் பண்ணித் தர்றேன். வெள்ளிக்கெழம ஆவும்."

வெள்ளிக்கிழமை யாருக்கு வேண்டும்?

புதன்கிழமை காலை, கரண்ட் இருந்த நேரத்திலேயே சுவரிலிருந்து யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன். கணவர் பதறிவிட்டார்.

"ஏய், இன்னா பண்ற?"

"எத்தினி நிமிஷம் தாங்குதுன்னு பாக்கறேன்."

ஏழு நிமிஷம் தாங்கியது. ஸ்பீக்கர், டிவிடி டிரைவ், மோடம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மறுபடி சார்ஜ் ஏறக் காத்திருந்து, மறுபடி பிடுங்கினேன். பதினோரு நிமிஷம். பிறகு பேட்டரி முழுசாக நிரம்பட்டும் என்று இரண்டு கரண்ட் மணிகளைச் சும்மா விட்டேன்.

"இந்நேரம் ரெண்டு தபா ஏத்தியிருக்கலாம். ஜல்தி பண்ணும்மா, பேஜாரா கீது" என்று அவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மூன்று வரை இருக்க வேண்டும். வந்த புதிதில் போய்ப் போய் வரும் என்பதால் பத்து நிமிஷம் விட்டுத் தொடங்கினேன். நீலத் திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டது. பத்து, இருபது, முப்பது.

நாற்பதில் கரண்ட் போனது.

தலைக்கு மேல் ஃபேன் நின்றது. யுபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. கணவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. பயப்பட வேண்டியதை எல்லாம் காலையிலேயே பயந்து முடித்திருந்தேன். பதினோரு நிமிஷம் என் கையில் இருந்தது.

"கத்தட்டும்" என்றேன் யுபிஎஸ்ஸைப் பார்த்து.

அறுபது. எண்பது. நூறு. முடிந்தது என்று எழுத்து வந்தது. மானிட்டரை முதலில் அணைத்து, பிறகு ஒழுங்காகப் பெட்டியை அணைத்தேன். இருட்டில்லை, ஜன்னல் வெளிச்சமே போதுமாக இருந்தது. கரண்ட் வருவதற்குள் பழைய பிராசஸரைக் கழற்றிப் புதியதை வைத்து, பசை தடவி, ஃபேனையும் கழற்றி வைத்திருந்த டிவிடி டிரைவையும் மாட்டி முடித்தேன். இந்த முறை நான் சொல்லாமலே கணவர் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு நின்றார்.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதில் புதிய பிராசஸரின் பெயர்.

அவர் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் கத்தவில்லை. உடனே படத்தை டிவிடிக்கு மாற்ற ஓடவிட்டேன். நாற்பத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது. கரண்ட் போவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆறு மணிக் கரண்டில் அதை இரண்டு டிவிடியில் ஏற்றினேன், கீறல் விழுந்துவிட்டால் என்ற பயத்தில் மூன்றாவதும் போட்டேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன்காரர் பைக்கில் வந்து மூன்றையும் வாங்கிப் பைக்குள் துணிகளுக்கு நடுவில் செருகிக்கொண்டார்.

"மூணு எதுக்கு அக்கா?"

"ஒண்ணு ஒடைஞ்சா ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் பெண்ணின் அத்தா. அறையில் இருக்கிற எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்களாம். முழுசாக ஒரு தடவை, பிறகு மகள் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் பலமுறை.

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருந்திச்சிமா. கூட இருக்கறவங்க கேக்கறாங்க, யாரு செஞ்சாங்கன்னு. ஒங்க வீட்டுக்காரருங்களா?"

கணவர் எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு கேமராங்க. மிக்ஸிங் நான்" என்றேன், விழுப்புரம் வரைக்கும் கேட்கிற மாதிரி.