சின்னத்தில் பட்ட கால்

ஐஸ் ஹொக்கி மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. பனியில் வழுக்காமல் பஸ் தரிப்பு வரை போய்ச் சேருவதே எனக்குப் பெரிய விளையாட்டு. ஆனால் மொன்றியல் அணியின் வரலாறு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொன்றியலின் லாசால் பகுதியில் குடிவந்த புதிதில், பிரெஞ்சு பழகவென்று வானொலியில் அவர்களின் ஆட்ட வர்ணனையைக் கேட்கத் தொடங்கினேன். இடைவேளைகளில் பழைய கதைகள் சொல்வார்கள். மொழியும் வந்தது, பைத்தியமும் பிடித்தது.

அதனால் அணியின் அரங்கைச் சுற்றிக் காட்டப் பிரெஞ்சு பேசும் வழிகாட்டி தேவை என்று அறிந்ததும் விண்ணப்பித்தேன். கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அந்தச் சனத்துக்கு அவையின்ரை கதையை நீர் போய்ச் சொல்லப்போறீரோ? கிடைச்சால் சனிக்கிழமைச் சமையல் என்ரை பொறுப்பு."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது," என்றேன். எனக்குக் கோபம்தான். இந்த ஊரில் வரி கட்டுகிறேன், வாசலில் பனி அள்ளுகிறேன், அணி தோற்ற இரவுகளில் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். கதை மட்டும் எப்படி அடுத்தவருடையதாகும்?

வேலை தருவதற்கு முன் ஒரு சோதனைச் சுற்று வைத்தார்கள். பார்வையாளர்கள் உண்மையானவர்கள். மேற்பார்வையாளரான பெண்மணி பேனாவுடன் கடைசியில் நடந்து வந்தார். தேசிய ஹொக்கி லீக் பிறப்பதற்கு முன்பே இந்த அணி பிறந்துவிட்டதில் தொடங்கினேன். முகமூடி இல்லாத காலத்துக் கோல் காப்பாளர்களின் தையல் போட்ட முகங்களைச் சொன்னேன். பழைய அரங்கை விட்டு அணி இங்கே வந்தபோது கண்கலங்கிய ரசிகர்களைச் சொன்னேன். கூரையில் தொங்கும் ஜெர்சிகளைக் காட்டி, அந்த இலக்கங்களை இனி எவரும் ஏன் அணிய முடியாது என்றும் சொன்னேன்.

முன்னால் ஒரு பெரியவர் கைகட்டி நின்றார். வெளுத்துப்போன அணி ஜெர்சி. அவர் கேட்டதெல்லாம் குறுக்குக் கேள்வி. நானும் விடவில்லை, பட்டுப் பட்டென்று பதில் கொடுத்தேன்.

வீரர்கள் உடை மாற்றும் அறை வாசலில் எல்லோரையும் நிறுத்தினேன். உள்ளே தரையின் நடுவில் அணியின் சின்னம் இருக்கிறது, வீரர்கள் அதை மிதிப்பதில்லை, நீங்களும் சுற்றிப் போங்கள் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். உள்ளே போனதும் பெரியவர் இன்னொரு கேள்வி கேட்டார். அவரைப் பார்த்துப் பதில் சொல்லியபடியே பின்பக்கமாக நடந்தேன். என் குதிக்கால் சரியாகச் சின்னத்தின் நடுவில் போய் நின்றது.

நான் எதையும் யோசிக்கவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் செய்வதைக் கை தானாகவே செய்தது. குனிந்து சின்னத்தைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்த பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அது என்ன என்று பெரியவர் கேட்டார். மழுப்பினால் இன்னும் மோசமாகிவிடும். நாங்கள் மதிக்கும் பொருளில் கால் பட்டுவிட்டால் இப்படித் தொட்டு மன்னிப்புக் கேட்போம், அதோடு சரி, பிறகு யாரும் குத்திக்காட்டுவதில்லை என்றேன்.

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். சிறுவயதில் தகப்பனோடு பழைய அரங்குக்குப் போனபோது அவரும் சின்னத்தை மிதித்துவிட்டாராம். அந்த வருடம் அணி கிண்ணத்தைக் கோட்டைவிட்டது. உன்னால்தான் என்று தகப்பன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம், பகிடியாகச் சிரித்தபடிதான்.

"மிதிக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். மிதித்துவிட்டால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லவில்லை," என்றார். பிறகு கேட்டார்: "எந்தக் கை?"

"வலது கை."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து சின்னத்தைத் தொட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்து, அதன் மேலேயே ஒற்றிக்கொண்டார். நான் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன்.

சுற்று முடிந்ததும், சனிக்கிழமைப் பிரெஞ்சுச் சுற்றுகள் என்னுடையவை என்றார் மேற்பார்வையாளர். பின்பக்கமாக நடப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னார். மெத்ரோ ரயிலில் ஏறுவதற்கு முன் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மீனோ மரக்கறியோ, நீங்களே முடிவெடுங்கோ. சனிக்கிழமை நான் பசியோடைதான் வருவன்."